மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் தோற்றத்தைப் பற்றியே எழுதுகின்றனர். மொறிஸ் மைனரின் வளைந்த முதுகும், ஒஸ்ரின் சோமசெற்றின் பருத்த உடலும், கேம்பிரிட்ஜ் காரின் அகன்ற இருக்கைகளும், கலியாண வீட்டு வாசலில் பூமாலை சூடி அவை நின்ற கோலமும் படங்களோடு வெளிவருகின்றன. அந்தக் கார்களின் பொனற்றைத் திறந்தால், எஞ்சினின் பக்கத்தில் ஒரு சிறிய மூக்குப்பேணி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் காபுரேற்றரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. 1990ஆம் ஆண்டு தொடக்கம் 1995ஆம் ஆண்டு வரை குடாநாட்டில் வாழ்ந்தவர்கள் அந்தச் சிறு பொருளுக்கும், அதைத் திருத்தத் தெரிந்த கைகளுக்கும் கடன்பட்டவர்கள். அந்தக் கடனில் என் பங்கைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

இக்கார்கள் எமது மண்ணில் நீண்ட காலம் நிலைத்ததற்கு அவற்றின் மேலிருந்த பற்று மட்டும் காரணமன்று. 1960களில் ஏற்பட்ட அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுகியது. 1970 முதல் 1977 வரையான மூடிய பொருளாதாரக் காலத்தில் புதிய கார் என்பது பெரும்பாலானோருக்கு எட்டாத பொருளாயிற்று. ஏற்கெனவே வந்திறங்கியவற்றையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டியிருந்தது. தகப்பன் வாங்கிய காரை மகன் ஓட்டினான். பின்னர் அது கைமாறி, வாடகைக் காராகச் சந்தியில் நின்றது. 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1971 வரை 16 இலட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியான மொறிஸ் மைனர், தன்னை ஆக்கியவர்கள் கைவிட்ட பின்னரும் எங்கள் ஒழுங்கைகளில் ஓடிக்கொண்டிருந்தமை இவ்வாறுதான்.

காபுரேற்றர் செய்யும் வேலையைச் சொல்வது எளிது; செய்விப்பது கடினம். ஒரு கிலோ பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும், ஏற்றத்தில் முக்கினாலும், இந்த அளவை ஒட்டியே கலவை அமையவேண்டும். பெற்றோல் கூடினால் புகை கறுக்கும், பிளக் கரி பிடிக்கும். காற்றுக் கூடினால் எஞ்சின் சூடேறும், இழுவை குறையும். இன்றைய கார்களில் இந்தக் கணக்கைக் கணினி பார்த்துக்கொள்கிறது. அன்று அதைப் பார்த்தது ஒரு பித்தளை ஊசி.

மொறிஸ் மைனரில் பொருத்தப்பட்டிருந்தது எஸ்.யூ. காபுரேற்றர். இப்பெயர் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் குடும்பத்தார் இங்கிலாந்தில் புகழ்பெற்ற காலணி வணிகர்கள். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹேர்பேர்ட் ஸ்கின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முதல் காபுரேற்றரில், காற்றின் இழுவைக்கேற்ப விரிந்து சுருங்கும் தோல் துருத்தி ஒன்று இருந்தது. சப்பாத்துக் கடைக்காரர் வீட்டில் தோலுக்கா பஞ்சம்! பின்னர் தோலின் இடத்தை உலோக முசலம் பிடித்தது. 1910இல் நிறுவனமாகிய எஸ்.யூ.வை 1926இல் மொறிஸ் கார்களின் அதிபர் வில்லியம் மொறிஸ் வாங்கிக்கொண்டார்.

இதன் அமைப்பில் ஓர் எளிமை உண்டு. கவிழ்த்து வைத்த பேணிபோன்ற கூட்டுக்குள் அந்த முசலம் ஏறி இறங்கும். அதன் அடியில் நுனிநோக்கிச் சிறுக்கும் ஊசி ஒன்று தொங்கும். ஊசி இறங்கியிருக்கும் துளையே ஜெற். எஞ்சின் காற்றைக் கூடுதலாக இழுக்கும்போது முசலம் உயரும், ஊசியும் உயரும், துளையில் இடைவெளி கூடிப் பெற்றோல் கூடுதலாக வரும். முசலம் திடீரெனத் துள்ளாமல் இருக்க மேலே சிறிது மெல்லிய ஒயில் விடப்படும். ஜெற்றின் கீழே அறுபட்டை நட் ஒன்று இருக்கிறது. அதைக் கீழே இறக்கினால் கலவையில் பெற்றோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். அவ்வளவுதான். ஆனால் எத்தனை பட்டை திருப்புவது என்பதை எந்தப் புத்தகமும் உங்கள் காருக்கென்று சொல்லாது. அதை எஞ்சினிடம் கேட்டுத்தான் அறியவேண்டும்.

'கேட்டு' என்ற சொல்லை நான் அணியாகச் சொல்லவில்லை. நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்தில் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அதைத் திருத்துவதற்காக நாங்கள் செல்லும் கராஜ், காங்கேசன்துறை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், புளியமரத்தின் கீழ் இருந்தது. பெயர்ப்பலகை இல்லை. சாறத்தை மடித்துக்கட்டிக்கொண்டு அங்கே வேலை செய்த முதியவரை எல்லோரும் 'அண்ணை' என்றே அழைத்தனர். காபுரேற்றரைக் கழற்றச் சொல்லிக்கொண்டு போகிறவர்களை அவர் விரும்புவதில்லை. "தம்பி, காபுரேற்றர் கடைசி. முதலில வால்வைப் பார்ப்பம், பிளக்கைப் பார்ப்பம், பொயின்ற்றைப் பார்ப்பம், ரைமிங்கைப் பார்ப்பம். இவ்வளவும் சரியெண்டால் பிறகு அதில கை வைப்பம்" என்பார். வேறிடத்துக் கோளாறுக்குக் காபுரேற்றரைத் திருகியவன் இரண்டு கோளாறுகளோடு வீடு போவான் என்பது அவருடைய சித்தாந்தம்.

கை வைக்கும் நேரம் வந்ததும் அவர் முதலில் செய்வது ஒரு பரீட்சை. எஞ்சினை நிறுத்தி, முசலத்தை விரலால் உயர்த்தி விட்டுவிடுவார். அது தடையின்றி விழுந்து அடியில் 'டிக்' என்று மென்மையாகத் தட்டவேண்டும். தட்டாவிட்டால் உள்ளே அழுக்கு, அல்லது ஊசி துளையின் நடுவில் இல்லை. கூட்டையும் முசலத்தையும் கழற்றிப் பெற்றோலில் கழுவி, பழைய வேட்டித் துணியால் துடைப்பார். மண்கடதாசியை அருகில் வைத்திருக்கக்கூட விடமாட்டார். ஒரு காரின் கூட்டுக்குள் இன்னொரு காரின் முசலத்தைப் போடவும் மாட்டார். இரண்டும் சோடியாகப் பிறந்தவை. பிரித்தால் எந்த வீட்டிலும் சரிவராது என்பார். அடுத்து, திறொட்டில் தண்டு ஆடுகிறதா என்று பார்ப்பார். தேய்ந்த தண்டின் வழியே களவாகக் காற்றுப் புகுந்தால் எத்தனை பட்டை திருப்பியும் பயனில்லை.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நன்றாகச் சூடேறியதும், மெல்லிய ஸ்குறூட்றைவரால் முசலத்தை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துவார். எஞ்சின் வேகமெடுத்து அப்படியே ஓடினால் பெற்றோல் கூட. தடுமாறி நிற்கப் பார்த்தால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் சற்றே வேகமெடுத்து உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. இடையில் சைலன்சர் பக்கம் போய்க் குந்தியிருப்பார். தாளம் தப்பாமல் விட்டுவிட்டு அடித்தால் பெற்றோல் கூட. தாளமின்றித் தெறித்தால் குறைவு. தவில்காரர் வீட்டு அயலில் வளர்ந்தவராகையால் அவருக்கு அந்த வேறுபாடு எளிதாகப் பிடிபட்டது என்று நான் எண்ணியதுண்டு. என்னிடம் ஒருமுறை சொன்னார்: "எஞ்சினைப் பார்க்காதேங்கோ தம்பி, கேளுங்கோ."

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடுக்கப்பட்டது. மின்சாரம் இல்லை. பெற்றோல் போத்தல் கணக்கில் மறைவாக விற்கப்படும் பண்டமாயிற்று. ஓரளவேனும் கிடைத்தது மண்ணெண்ணெய். அதுவும் வீட்டு விளக்குக்கென்று பங்கீட்டில் வந்தது. பத்திரிகைத் தாள் இல்லாமல், கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் செய்தித்தாள் அச்சான காலம் அது. அச்சு இயந்திரத்தை இயக்கிய மின்பிறப்பாக்கி முதல் அலுவலகக் கார் வரை எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்க்குப் பழக்கவேண்டி வந்தது. குடாநாட்டின் மெக்கானிக்குகள் அனைவரும் ஏககாலத்தில் எழுதிய பரீட்சை அது என்று சொன்னால் மிகையாகாது.

பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றினால் ஓடிவிடும் என்று எண்ணுவோர் இன்றும் உளர். ஓடாது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதற்கு 150 பாகை செல்சியஸ் அளவில் வெப்பம் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே நின்றுவிடும், பற்றாது. பற்றினாலும், அதன் ஒக்ரேன் எண் மிகக் குறைவாகையால் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் 'நொக்' பண்ணும். ஆகவே முதலில் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, நன்றாகச் சூடாக்கி, அதன் பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்குச் சிறிது முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிவிடவேண்டும். இல்லையேல் அடுத்த முறை எழும்பாது.

இந்த முறை உலகுக்குப் புதிதன்று. போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, பெற்றோலில் எழும்பி மலிவான மண்ணெண்ணெய் வகையொன்றில் ஓடுமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது. அதற்கென வெப்பமூட்டும் குழாயமைப்பும், அமுக்க வீதம் குறைந்த எஞ்சினும் அதிலே இருந்தன. எங்கள் அண்ணையிடம் இருந்தவை சேலைன் குழாயும், செப்புக் குழாயும், கடதாசி மட்டையும் மாத்திரமே. பெற்றோல் போத்தல் ஒன்றைப் பொனற்றுக்குள் கட்டி, சேலைன் குழாயால் காபுரேற்றருக்கு இணைத்தார். மண்ணெண்ணெய் வரும் செப்புக் குழாயைச் சூடான புகைக்குழாய்ப் பக்கமாக வளைத்தெடுத்தார். றேடியேற்றரின் ஒரு பாதியை மட்டையால் மறைத்து எஞ்சினின் சூடு தணியாமல் பார்த்துக்கொண்டார். ரைமிங்கைப் பிந்த வைத்தார். ஜெற் நட்டைச் சில பட்டைகள் கீழே இறக்கினார். அவ்வளவும் செய்தபின் வழமைபோலச் சைலன்சர் பக்கம் போய்க் குந்தினார். ஆவியாக்கல் பற்றி எந்த நூலும் படியாதவர், ஆங்கிலப் பொறியியலாளர் கண்ட முடிவுகளையே ஒவ்வொன்றாகத் தன் காதால் கண்டடைந்தார்.

இதற்கு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலில் கலந்தது. ஓட ஓடக் குறையவேண்டிய ஒயில் மட்டம் நாளுக்கு நாள் உயர்ந்தது! அனுபவமில்லாதவர்கள் அதைக் கண்டு மகிழ்ந்தார்கள். அண்ணை கண்டால் தலையிலடித்துக்கொள்வார். நீர்த்துப்போன ஒயிலில் ஓடிய எஞ்சின்களின் பெயாரிங்குகள் உதிர்ந்தன. வீதியெங்கும் கண்ணெரியும் வெண்புகை. அந்த மணத்தை இன்று எங்கே நுகர்ந்தாலும் எனக்கு அந்த ஆண்டுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

சந்தியில் நின்ற வாடகைக்கார்ச் சாரதிகள் ஒவ்வொருவரிடமும் ஒரு புனிதப் பொருள் இருந்தது: அரைப்போத்தல் பெற்றோல். பகலில் எவர் எவ்வளவு கொடுத்தாலும் அதைத் தொடமாட்டார்கள். அது இரவுக்கு உரியது. இரவில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை எழுப்புவதற்கு அதைவிட வேறு வழியில்லை. இரவில் கார் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் பிரசவத்துக்கோ பாம்புக்கடிக்கோ காயத்துக்கோதான் வருவார்கள்.

1992ஆம் ஆண்டில் ஓரிரவு, எங்கள் அயல்வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. தலைப்பிள்ளை. வைத்தியசாலை எட்டு மைலுக்கு அப்பால். சாரதியின் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் அரைப்போத்தலை எடுத்துவந்து, இரண்டு மூடி அளவு பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டுச் சுழற்றினார். எஞ்சின் இருமியது, நின்றது. மறுபடியும் இரண்டு மூடி. மறுபடியும் நின்றது. பின் ஆசனத்தில் அந்தப் பெண் தாயின் தோளைப் பற்றியபடி இருந்தாள். போத்தலில் கால்வாசிதான் மீதம். மூன்றாம் முறை அவர் பெற்றோலை விடவில்லை. விரலை உள்ளே விட்டு முசலத்தை உயர்த்திவிட்டார். 'டிக்' சத்தம் கேட்கவில்லை. "ஒட்டிப்போச்சு" என்றார். கைவிளக்கை நான் பிடிக்க, கூட்டைக் கழற்றி, மண்ணெண்ணெய்ப் பிசின் படிந்த முசலத்தைத் தன் சாறத் தலைப்பில் துடைத்து, ஊசி வளையாமல் இறக்கினார். மறுபடி உயர்த்திவிட்டார். அந்த இருளில், ஷெல் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்த வேளையில், அந்தச் சிறிய 'டிக்' எங்கள் எல்லோருக்கும் கேட்டது. எஞ்சின் பற்றிக்கொண்டது. விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. சாரதி கூலி வாங்க மறுத்தார். காலையில் அந்த வீட்டார் எங்கோ தேடி அவருக்குக் கொடுத்தது அரைப்போத்தல் பெற்றோல்.

புத்தம்புதுக் கார் ஒன்று அந்த இரவில் எங்களுக்கு உதவியிராது. கைவிளக்கு வெளிச்சத்தில், சாறத் தலைப்பால் திருத்தக்கூடிய இயந்திரம் என்பதால்தான் மைனர் உதவியது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906இல் சிமிர்னா நகரில் பிறந்தவர்; 1922இல் போரின் காரணமாகக் குடும்பத்தோடு கப்பலேறி மோல்ட்டாவுக்குப் போனவர். அகதி ஒருவர் வரைந்த கார்கள், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றபோது, கூரையிலும் பொனற்றிலும் பாய் தலையணைகளைச் சுமந்துகொண்டு அந்தச் சனவெள்ளத்தில் ஊர்ந்தன.

அதே 1990களில் நாட்டின் மறுமுனையில் நடந்த ஒன்றையும் குறிப்பிடவேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், இலங்கையின் தென்பகுதியில் மைனரின் உடற்பாகங்களைச் செய்யும் கூட்டு முயற்சியொன்றைத் தொடங்கினார். அங்கே கைவினைஞர்கள் தட்டியெடுத்த மட்காட்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றன. ஒரே சிறிய தீவின் தெற்கு, மைனருக்கு உறுப்புக்களை உலகுக்கு ஏற்றுமதி செய்தது. வடக்கு, ஒரு றப்பர் வளையத்துக்காகப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிக்கொண்டிருந்தது. இரு பகுதியிலும் கைத்திறனுக்குக் குறைவிருக்கவில்லை.

2002இல் ஏ-9 வீதி திறந்தபோது யப்பானிய வாகனங்கள் வந்தன. 2006இல் வீதி மூடி, 2009இல் மீண்டும் திறந்த பின் பழைய கார்கள் ஒவ்வொன்றாகத் தெற்கின் சேகரிப்பாளர்களிடம் போயின. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்று, கார் ஒன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் அட்டைக்கு வாங்கிய வேளையில், "நாங்கள் மண்ணெண்ணெயில ஓடின ஆக்கள்" என்று மூத்தவர்கள் சிலர் பெருமை பேசினர். ஆனால் அந்த வழியும் அடைபட்டிருந்தது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை, அவ்வாண்டு ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அதற்கும் மேலாக, வீதியில் நின்ற கார்களில் காபுரேற்றரே இல்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் ஊர் நினைவாக மைனர் வாங்கி வைத்திருப்போருக்கும் இந்த அனுபவத்தில் ஒரு பாடம் உண்டு. பிரித்தானியாவில் 2021 செப்ரெம்பர் முதல் சாதாரண பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலக்கப்படுகிறது. எதனோல் பழைய றப்பர்க் குழாய்களையும் தக்கைப் பொருட்களையும் அரிக்கும். கலவையையும் சற்று இலேசாக்கும். எதனோல் குறைந்த வகையைப் பாவியுங்கள். முடியாவிட்டால் குழாய்களை மாற்றி, ஜெற் நட்டை ஒரு பட்டை இறக்கிப் பார்த்து, முசலத்தை உயர்த்திக் கேளுங்கள். எரிபொருள் மாறினால் காபுரேற்றரும் மாறவேண்டும் என்பது புளியமரத்தடியில் தெரிந்திருந்த விடயம். எஸ்.யூ. உதிரிப்பாகங்கள் இன்றும் இங்கிலாந்தின் சோல்ஸ்பரியில் தயாராகின்றன. ஊசியும் ஜெற்றும் கிடைக்கும். கிடைக்காதது கேட்கத் தெரிந்த காது.

அண்ணை இப்பொழுது இல்லை. அவரிடம் தொழில் பழகியவர் ஒருவர் இன்னமும் கராஜ் வைத்திருக்கிறார், அறுபதைக் கடந்துவிட்டார். அவருடைய மேசையில் ஒரு சிறு கணினி இருக்கிறது. அதைக் காரில் பொருத்தினால் பிழையின் இலக்கம் திரையில் வருகிறது. "இப்ப கார் தானே சொல்லுது ஐயா, தனக்கு என்ன வருத்தமெண்டு. முந்தி நாங்கள்தான் கேட்டு அறிய வேணும்" என்றார். மூலையில் சாக்கு மூடிய மைனர் ஒன்று நிற்கிறது. அதைப் பழக வரும் பொடியன்கள் யாருமில்லை. அவர் அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். அதைக் கற்றுப் பிழைக்க முடியாது.

ஆனால் பிழைப்புக்கு உதவாத அறிவு எல்லாம் அழியவேண்டும் என்பதில்லை. தடைக்காலத்தைப் பற்றி நூல்கள் வந்துள்ளன, அறிக்கைகள் வந்துள்ளன. எத்தனை பட்டை இறக்கினால் மண்ணெண்ணெயில் மைனர் ஓடும் என்பது அவற்றில் இராது. அது சிலருடைய விரலிலும் காதிலும் மட்டுமே இருக்கிறது. உங்கள் தகப்பனாரோ மாமனாரோ அந்நாட்களில் கார் ஓட்டியவராக, கராஜ் வைத்திருந்தவராக இருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது நலம் விசாரித்த பின் இதையும் கேளுங்கள். என்ன குழாய் பாவித்தீர்கள், பெற்றோலை எங்கே ஒளித்தீர்கள், எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஊருக்குப் போகிறவர்கள், எங்காவது ஒரு மைனர் இன்னமும் ஓடுவதைக் கண்டால், கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பொனற்றைத் திறக்கச் சொல்லி, எஞ்சின் ஓடும்போது அந்த ஓசையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.